ராட்சதக் கணவாய் கேமராவுல சிக்குன கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏனுங்க, நிலாவுக்கு 1969-லயே ஆள் போயிட்டு வந்தாச்சு, ராட்சதக் கணவாயை அது வாழற ஆழத்துலயே வீடியோ புடிக்க மட்டும் 2012 ஆயிருச்சாமா. அத்தாச்சோட்டு ஜீவன் கண்ணுல படாம எப்படீங்க இருந்துச்சு? (வாசகர், கோபி)

பதில்: நாம போன விதம்தானுங்க காரணம். ஆர்க்கிட்யூத்திஸ்னு 1857-லயே டென்மார்க்காரர் ஸ்டீன்ஸ்ட்ரப் பேர் வெச்சுட்டாரு, ஆனா அப்புறம் ரொம்பக் காலத்துக்குக் கரையில ஒதுங்குன செத்த உடம்பும் திமிங்கலம் வயித்துல கெடைச்ச அலகும் (கிளி மூக்காட்டம் இருக்கற கணவாயோட வாய்)தான் ஆராய்ச்சிக்குக் கெடைச்சுது. உசுரோட பாக்கணும்னு நீர்மூழ்கியில பெரிய பெரிய லைட்டைப் போட்டுட்டு மோட்டார் சத்தத்தோட எறங்குனா எது நிக்குமுங்க, ராத்திரி மோட்டார் போட டார்ச் அடிச்சுட்டுக் காட்டுக்குள்ள போனா காட்டுப்பன்னி எட்டவே மோப்பம் புடிச்சு ஓடிருமில்ல, அதே கணக்குத்தான். இதுக்குக் கண்ணே 27 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்குது, ஒரு அடிக்குக் கொஞ்சம் கம்மி, இருட்டுல மினுக்குற சின்ன வெளிச்சம்கூட அதுக்குத் தெரியும்.

ஆழத்துல உசுரோட போட்டோ எடுக்கறதுல மொதல்ல ஜெயிச்சது ஜப்பான்காரங்க. 2004 செப்டம்பர்ல ஆராய்ச்சியாளருங்க குபோதெராவும் மோரியும் ஜப்பானோட ஒகசவாரா தீவுகிட்ட 900 மீட்டர் ஆழத்துக்குத் தூண்டிலோட கேமராவைக் கட்டி எறக்குனாங்க, வந்த கணவாய் முள்ளுல மாட்டி நாலு மணி நேரத்துக்கு மேல போராடி ஒரு கையை அத்துட்டுப் போயிருச்சு. மேல வந்த 5.5 மீட்டர் கையில உறிஞ்சிங்க அப்பவும் வேலை செஞ்சுதாம், படகுத் தளத்தையும் பக்கத்துல நீட்டுன வெரலையும் கவ்விக் கவ்விப் புடிச்சுதாம். எனக்கு அதைப் படிக்கறப்ப மனசு கஷ்டமாத்தானுங்க இருந்துச்சு.

2012-ல அதே கடல்ல எடித் விட்டர்ங்கற அமெரிக்கக் கடல் ஆராய்ச்சியாளர் அம்மா செஞ்சதுதான் பெரிய விஷயம். ஆழத்துல இருக்கற உசுருங்களுக்குப் பெரும்பாலும் செவப்பு வெளிச்சம் தெரியாதுங்க, அதனால செவப்பு லைட், மோட்டாரே இல்லாம கயித்துல தொங்கற கேமரா, முன்னாடி நீலமா மின்னற ஒரு போலி ஜெல்லி மீன். அட்டோலான்னு ஒரு ஜெல்லி இருக்குது, அதை எதாச்சும் கடிச்சா சுத்திச் சுத்தி மின்னும், அந்த வெளிச்சத்தைப் பாத்துப் பெரிய ஜீவன் வந்து கடிக்கறதைத் தின்னுடும், இது தப்பிச்சுக்கும்ங்கறாங்க. கணவாய் அதை நம்பித்தான் வந்துச்சு. அந்தப் பயணத்துலயே குபோதெராவும் நீர்மூழ்கியில இருந்து நேர்ல பாத்தாரு, செத்ததுல செவப்பாத் தெரியற உடம்பு உசுரோட இருக்கறப்ப வெள்ளியும் தங்கமுமா மின்னிருக்குது!

கேள்வி: உக்கடம் மீன் மார்க்கெட்டுல வாங்கற கணவாய் மாதிரி இதையும் திங்கலாமுங்களா? (வாசகி, கோயமுத்தூர்)

பதில்: வேண்டாமுங்க. தண்ணியில மெதக்கறதுக்காக ஒடம்பு பூரா அம்மோனியம் உப்பு வெச்சிருக்குது, வாயில வெக்க முடியாது.

கேள்வி: 2012-க்கு அப்புறம் யாராச்சும் பாத்தாங்களா? கொலோசல் ஸ்க்விட்ங்கறதும் இதுதானா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: பாத்தாங்க கண்ணு. 2019 ஜூன்ல மெக்சிகோ வளைகுடாவுல அதே எடித் விட்டர் அம்மாவும் நேதன் ராபின்சன்ங்கற ஆராய்ச்சியாளரும் அதே செவப்பு லைட் முறையில 759 மீட்டர் ஆழத்துல ஒண்ணை வீடியோ புடிச்சாங்க, வீடியோவைப் பாத்து எல்லாரும் குதிச்சுட்டு இருக்கறப்பவே கப்பல்ல இடி விழுந்துருச்சு, நல்லவேளை வீடியோவுக்கு ஒண்ணும் ஆகல. ஒரே வழி ரெண்டு கடல்ல பலிச்சுதுன்னா அது அதிர்ஷ்டம் இல்லீன்னு நான் உறுதியாச் சொல்வேன். 2020-ல இதோட மரபணு வரிசையையும் படிச்சுட்டாங்க, 270 கோடி டி.என்.ஏ. எழுத்து.

கொலோசல் வேற இனம். அண்டார்டிகா பக்கம் இருக்கறது, ராட்சதக் கணவாயை விட நீளம் கம்மி, எடை சாஸ்தி. 1925-ல பேர் வெச்சாங்க, அது வாழற எடத்துலயே மொதல் வீடியோ கெடைச்சது 2025 மார்ச்சுல, தெற்கு சாண்ட்விச் தீவுகிட்ட 600 மீட்டர் ஆழத்துல. அதுவும் 30 சென்டிமீட்டர் குஞ்சுதான், கண்ணாடியாட்டம் ஒடம்பு.