லாரியின் டிஸ்க் பிரேக்கில் உள்பக்க பேட் மட்டும் சீக்கிரம் தேய்வது ஏன்?

கடலூர் சிப்காட்டுக்கு ஓடும் வண்டி என்கிறீர்கள். முதலில் கைடு பின்னை, அதாவது பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் சறுக்கி நகரும் கம்பியைப் பாருங்கள். ஏர் பிரேக் அழுத்தியதும் உள்பக்க பேட்தான் முதலில் டிஸ்க்கைத் தொடும். அப்புறம் காலிப்பர் கைடு பின் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்து வரும். கைடு பின் இறுகிவிட்டால் முழுப் பாரமும் உள் பேடுக்குத்தான்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, காலிப்பரைக் கையால் தள்ளிப் பாருங்கள். லேசாக நகர வேண்டும். நகரவில்லையா? கைடு பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) விரலால் விரித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் போதும், உப்புக்காற்றின் ஈரம் புகுந்து கைடு பின் துருப்பிடிக்கும். சுத்தியலால் தட்டி விடுவது தீர்வே இல்லை. கைடு பின், அது நகரும் உருளை வளையமான புஷ், பூட் மூன்றையும் ஒரே தொகுப்பாக வரும் கிட்டாக மாற்றுங்கள். கிட்டோடு வரும் கிரீஸை மட்டும் போடுங்கள், சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பேடை அதே ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.