லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) உள்ள என் மாமாவுக்குத் தொற்று இல்லை என்கிறார்கள், ஆனால் தினமும் காய்ச்சல், ராத்திரி வியர்வை. ஏன்? ஐஎல்-6 டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

என் அண்ணன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. மார்கழிக் குளிரில் போர்த்திப் படுத்தவர், மூன்று மணிக்குப் பனியன் நனைந்து சொட்ட எழுந்து உட்காருவார். "இந்தக் குளிர்ல யாருக்காவது இப்படி வேர்க்குமா தம்பி?" என்று அண்ணி போனில் கேட்டார். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சேலத்தில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு, வெறும் அழற்சிதான், டிபியாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் வீணாய்ப் போனது. நெறியை முழுசாக எடுத்து பயாப்சி செய்த பிறகுதான் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று தெரிந்தது.

ஊசிக்கு அது ஏன் தப்பியது என்பதிலேயே உங்களுக்கான பதிலும் இருக்கிறது. ஹாட்ஜ்கின் கட்டிக்குள் புற்றுசெல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதி எல்லாம் அது வரவழைத்த சாதாரண வெள்ளணுக்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலில் பம்பைக்காரர் நாலு பேர், சத்தத்துக்குக் கூடுகிற கூட்டம் எவ்வளவு! கண்ணை மூடிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தால் கூட்டம்தான் விழும். அந்தப் பம்பைச் சத்தம்தான் சைட்டோகைன் என்கிற புரதங்கள்.

சத்தம் கழுத்தோடு நிற்காது. அந்தச் சைட்டோகைன்களில் ஒன்றான ஐஎல்-6 ரத்தத்தில் போய், மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸை உசுப்பிவிடும். கிருமி வந்தாலும் உடம்பு இதே வழியில்தான் காய்கிறது, அதனால் பார்க்க வித்தியாசம் தெரியாது. சூடு இறங்கும்போதுதான் வியர்வை. அதே ஐஎல்-6 கல்லீரலைச் சிஆர்பி என்கிற அழற்சிப் புரதத்தையும் ஹெப்சிடின் என்கிற ஹார்மோனையும் சுரக்க வைக்கும். ஹெப்சிடின் கூடினால் உடம்பில் இரும்புச்சத்து இருந்தும் ரத்தத்துக்கு வராமல் பூட்டிக்கொள்ளும். அண்ணி முருங்கைக்கீரையாகச் செய்து போட்டும் அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. பாவம், கீரையைத்தான் குறை சொன்னார்.

சரி, டெஸ்ட். ஐஎல்-6 சாதாரணத் தொற்றிலும் ஏறும். அதை வைத்து லிம்போமாவை உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. எங்கள் டாக்டர் எழுதவே இல்லை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் என்கிற ரத்த டெஸ்ட் மட்டும் பார்த்தார். உங்கள் டாக்டர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள், லேப்காரர் பேக்கேஜில் சேர்த்துத் தருகிறார் என்பதற்காக வேண்டாம்.

ஒன்று மட்டும். கீமோ ஆரம்பித்த பிறகு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், சைட்டோகைன்தான் என்று வீட்டில் உட்காராதீர்கள். அப்போது வெள்ளணு குறைந்திருக்கும். எங்களுக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் அது வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஓடினோம். அன்றைக்கு நிஜமாகவே தொற்று.