சிறுபான்மை இனக் குடும்பங்களுக்கான சமூக ஆதரவு மையத்தில் பதிவு செய்தால் பிள்ளையின் மீது முத்திரை விழுமா?

பதிவு செய்யுங்கள். வேறு எதற்காக இல்லாவிட்டாலும், மொழிபெயர்ப்பாளருக்காகவாவது பதிவு செய்யுங்கள். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை உங்கள் வீட்டிலும் பிள்ளைதான் படித்துச் சொல்கிறது என்று ஊகிக்கிறேன். "நாம் என்ன கையேந்தியா நிற்கிறோம்?" என்று மூன்று ஆண்டுகள் அந்த மையத்தைத் தட்டிக்கழித்தவன் நான்.

என் மகனுக்கு அப்போது பத்து வயது. மனைவியின் பரிசோதனை முடிவைக் கேட்க மருத்துவமனைக்குப் போனபோது, வழக்கம்போல் அவனுக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு உடன் அழைத்துச் சென்றோம். மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்தே நான்கைந்து நிமிடங்கள் பேசினார். அவன் எங்கள் பக்கம் திரும்பி, "ஒன்றும் இல்லையாம், இன்னொரு நாள் வரச் சொல்கிறார்" என்றான். நாங்கள் நிம்மதியாகத் திரும்பினோம். அவனோ அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மருத்துவர் சொன்ன ஒரு சொல்லை நான்கு விதமாக எழுத்துக்கூட்டி எழுதி, நான்கையும் அடித்திருந்தான். மார்பில் உள்ள கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே விழுங்கியிருக்கிறான். (அது சாதாரணக் கட்டிதான் என்று பின்னர் தெரிந்தது.)

"குடியேறிய நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே?" என்று சிலர் இங்கே கேட்பார்கள். இரவுப் பணி முடித்து வகுப்புக்குப் போய்க் கற்றோம். ஆனால் கடையில் பேசப் போதுமான மொழி மருத்துவர் முன்னால் போதவில்லை. பிள்ளைகளுக்கும் இதே கதைதான். குடியேறிய குழந்தைகள் அன்றாடப் பேச்சைச் சுமார் 2 ஆண்டுகளில் பிடித்துக்கொண்டாலும், பாடத்துக்குரிய மொழியில் சக மாணவர்களை எட்டுவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியிருக்கிறார். சரளமாகப் பேசுகிறானே என்று நாங்கள் ஏமாந்ததும், மருத்துவர் ஏமாந்ததும் இந்த இடைவெளியில்தான்.

அதற்குப் பிறகே மையத்துக்குப் போனேன். மருத்துவமனையிடம் முன்கூட்டியே கேட்டால் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள் என்பதையே அங்கிருந்த குடும்ப நலப் பணியாளர் சொல்லித்தான் அறிந்தேன். வீட்டுப்பாட வகுப்பு, தாய்மொழி வகுப்பு எல்லாம் பின்னால் வந்தவை. இவற்றைச் சலுகை என்று நினைத்துக் கூச வேண்டாம். சிறுபான்மைக் குழந்தைக்குத் தன் சமூகத்தாரோடு சேர்ந்து தன் பண்பாட்டையும் மொழியையும் பேணும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 30ஆவது பிரிவே சொல்கிறது.

முத்திரை விழவே விழாது என்று நான் சொல்லமாட்டேன். பதிவுப் படிவத்தில் எங்கள் இனத்துக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை. "மற்றவை" என்பதில்தான் குறியிட்டேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆண்டறிக்கைக்காக என் மகனைப் புகைப்படம் எடுக்க வந்தபோது மறுத்துவிட்டேன். முகம் சுளித்தார்களே தவிர, எந்தச் சேவையும் நிற்கவில்லை. புகைப்பட ஒப்புதல் எங்கள் படிவத்தில் தனிப் பக்கமாக இருந்தது. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.