பெரியப்பான்ர ஏட்டுக்கட்டு

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கட குடும்பத்தில கடைசிப் பரியாரி, நாட்டு வைத்தியர், பெரியப்பாதான். பரம்பரையா வந்த வைத்திய ஏட்டுக்கட்டு ஒண்டு அவரிட்ட இருக்கு, இப்ப எங்கட பிளாட்டில அலுமாரிக்கு மேல ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்குது. போட்டோ எடுப்பம் எண்டா "வெளிய விட்டா மருந்து பலிக்காது, கம்பனிக்காரன் களவெடுத்துப்போடுவான்" எண்டு கோவிக்கிறார். அவருக்குத் தெரியாம எடுக்கலாமோ?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, தெரியாம எடுக்காதீங்கோ. அவரைக் கொண்டே எடுப்பியுங்கோ.

பலிக்காது எண்டு அவர் சொல்லுறதை மூடநம்பிக்கை எண்டு தள்ளாதீங்கோ. சித்தர் பாட்டுகள் கனக்க பரிபாஷையில, அதாவது மறைபொருள் சொல்லிலதான் கிடக்குது, ஒரு சொல்லுக்கு ரெண்டு மூண்டு மருந்துச் சரக்கு அர்த்தம் வரும். சேராங்கொட்டையை சுத்தி செய்யாம, அதாவது நஞ்சை முறிக்காம குடுத்தா நஞ்சு, அந்த சுத்தி முறையைக் கனபேர் வாயாலதான் சொல்லிக்குடுப்பினம். அந்தப் பயம் நியாயமான பயம். அதாலதான் போட்டோ மட்டும் எடுத்துப் பிரயோசனமில்லை எண்டுறன், மிச்சப் பாதி பெரியப்பான்ர வாயில இருக்கு.

கம்பனிக்காரன் கதைக்கு மஞ்சளைச் சொல்லுங்கோ. மஞ்சள் புண் ஆத்தும் எண்டதுக்கு 1995ல அமெரிக்காவில ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பேட்டன்ட், அதாவது தனியுரிமை குடுத்தவங்கள். இந்தியாவின்ர அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர் பழைய சமஸ்கிருத நூலையும் 1953ல ஒரு மருத்துவ சஞ்சிகையில வந்த கட்டுரையையும் காட்டி 1997ல அதை ரத்துச் செய்விச்சுது. அச்சில வெளிய வந்து கிடந்தபடியாத்தான் காட்ட ஏலுமா இருந்தது, டின்னுக்குள்ள கிடந்திருந்தா என்னத்தைக் காட்டுறது?

ஓலை தன்பாட்டில நிலைக்கிற சாமானில்லை. பழசாகப் பழசாக ஆரோ இருந்து புது ஓலையில பார்த்து எழுதினபடியாத்தான் எங்களிட்ட வந்து சேர்ந்தது, பெரியப்பான்ர கட்டும் அநேகமா அப்பிடி ஒரு பிரதிதான், அதை எழுதினவரும் அவரைப்போல ஒரு பரியாரியாத்தான் இருந்திருப்பார். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சில பதிப்பிச்ச சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887ல கலித்தொகையைப் பதிப்பிக்கேக்க, எடுத்தா ஓரம் உதிருது, கட்டை அவிழ்த்தா இதழ் முறியுது எண்டு நெஞ்சு நொந்து எழுதினவர். 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு ஏறத்தாழ 97,000 நூல் போனதில வேற பிரதியே இல்லாத ஏடுகளும் போனது. எனக்கு இப்பவும் அது ஆறேல்லை.

எங்கட அம்மப்பாவும் ஒருத்தருக்கும் காட்டேல்லை. அவர் செத்தாப்பிறகு கட்டை அவிழ்த்து, விளக்குக்கரியை எண்ணெயில குழைச்சுப் பூசித் துடைச்சன், வெறும் பழுப்பா இருந்த ஓலையில எழுத்து கறுப்பா எழும்பி வந்துது. "வேர் மூண்டு" எண்டு வாசிச்சன். எந்த வேர் எண்டு எழுதின பக்கம் ஒடிஞ்சு போச்சு. அண்டைக்கு அந்த ஓலையை மடியில வச்சு அழுதனான்.

அதால ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலடியில வெள்ளைத்துணி விரிச்சு அவரையே ஒவ்வொரு ஓலையா எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, ஒழுங்கு மாறாம நம்பர் போட்டு ரெண்டு பக்கமும் எடுங்கோ, பக்கத்தில இன்னொரு போனில ரெக்கோடிங் ஓடட்டும், அவர் வாசிச்சு விளக்கம் சொல்லட்டும். ஆருக்குக் காட்டுறது எண்டதை அவரே முடிவெடுக்கட்டும், அந்த வாக்கை மீறாதீங்கோ. டின்னை மட்டும் இண்டைக்கே மாத்துங்கோ, வெள்ளவத்தைக் கடற்காத்துக்கு அது உள்ளால கறள் பிடிக்கும்.