வேகம் இருந்தும் பேச்சு ஏன் அறுபடுகிறது?

கேள்வி: வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். இணைய இணைப்பு இருக்கிறது. வீடியோக்கள் தடங்கலின்றி ஓடுகின்றன. ஆனால் வைஃபையில் பேசினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. அறை மாறினால் அழைப்பே துண்டிக்கப்படுகிறது. 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

பேச்சுக்கு வேண்டிய வேகம் மிகச் சொற்பம். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 என்ற பழைய முறையில்கூடக் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட்தான். முகவரித் தகவல்களையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 90 கிலோபிட். புதிய முறைகளுக்கு இதைவிடக் குறைவே போதும். உங்களிடம் இருப்பது இதைப்போல் ஆயிரம் மடங்கு.

சிக்கல் வேகத்தில் இல்லை, நேரந்தவறாமையில் இருக்கிறது. குரல் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பொட்டலங்களாகப் பயணிக்கிறது. வீடியோ என்றால் செயலி பல விநாடிக் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும்; நடுவே இணைப்பு அரை விநாடி கண்ணயர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பேச்சை அப்படிச் சேமிக்க வழியில்லை. எதிர்முனையில் இருப்பவர் இன்னும் வாயையே திறக்கவில்லையே! பிந்தி வந்த பொட்டலத்தால் பயனில்லை என்று செயலி அதைத் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் கேட்கும் 'விட்டுவிட்டு' என்பது அதுதான்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதே வைஃபையில் இணைந்த கணினியை நீங்கள் பேசும் இடத்தில் வைத்து, ரூட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) கொடுங்கள். பதில் சில மில்லிவிநாடிகளில் சீராக வந்தால் வைஃபையில் பெரிய பழுதில்லை. 5, 7, 240, 6, 180 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபைதான்.

வைஃபை என்பது ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய கூட்டம். மற்றவர்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். வைஃபையின் இரு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே கூட்டத்தில் நெருக்கியடிக்கின்றன. போனை மற்றொன்றான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர்களைத் தாண்டும்போது அது சீக்கிரம் வலுவிழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2.4-இலேயே இருக்க வேண்டுமென்றால் அதன் உட்பிரிவுகளான 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரில் டபிள்யூ.எம்.எம். என்ற அமைப்பு இருக்கும். குரலுக்கு முன்னுரிமை தருவது அதுதான். அதை அணைக்காதீர்கள்.

வைஃபை சீராக இருந்தும் குரல் உடைந்தால், அந்நேரம் யாராவது புகைப்படங்களைப் பதிவேற்றுகிறார்களா என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது. பதிவேற்றப் பாதை நிரம்பியதும் ரூட்டருக்குள் வரிசை நீள்கிறது. உங்கள் குரல் அதன் வாலில் நிற்கிறது. ரூட்டரில் பதிவேற்ற வேகத்தை உண்மையான அளவில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினால் வரிசை பெரிதும் குறையக்கூடும். வேகத்தைக் குறைத்துப் பேச்சைச் சீராக்குவதா என்று சிரிப்பார்கள். செய்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அறை மாறும்போது அறுபடுவது வேறு கதை. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ரூட்டர் இருந்தால், எப்போது எதற்குத் தாவுவது என்பதைப் பெரும்பாலும் போனே முடிவு செய்கிறது. சில போன்கள் தேய்ந்துபோன பழைய சிக்னலை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும். மலிவான ரிப்பீட்டர் இதற்கு மருந்தல்ல. ஒரே அலைவரிசையில் வாங்கி மறுபடி அனுப்புவதால் நெரிசலை அது கூட்டிவிடும். கேபிள் வழியாக இணைத்த இரண்டாவது வைஃபை கருவியே நல்லது.

உங்களுடையது வாட்ஸ்அப் போன்ற செயலி அழைப்பா, சிம் நிறுவனம் உங்கள் எண்ணிலேயே தரும் வைஃபை அழைப்பா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால் ஒரு சோதனை: விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையை மட்டும் இயக்கி, வீட்டுக்குள் நடந்தபடி பேசுங்கள். அப்போது அறுபடாவிட்டால், வைஃபைக்கும் செல்பேசிக் கோபுரத்துக்கும் இடையே அழைப்பு கைமாறும் இடத்தில்தான் கோளாறு. அதைச் சிம் நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும்.