கடிதம்: உஸ்பெகிஸ்தான் ஓசியில வந்த டீமா?

அன்புள்ள அண்ணா,

போன கட்டுரையில உஸ்பெகிஸ்தான "லேட்டா வந்த டீம்"னு ஒரு வரியில சொல்லிட்டு போயிட்டீங்க. ஃபுட்பால் உலகக்கோப்பைய 48 டீம்னு ஆக்கினாங்க, கதவு தொறந்துச்சு, நுழைஞ்சிட்டாங்க. இதுல லேட் என்ன, சீக்கிரம் என்ன?

– க., திருச்சி

அன்புள்ள க.,

48 ஆக்கினது உதவிச்சு, இல்லேங்கல. ஆசியாவுக்கு முன்ன நாலரை இடம், இப்ப எட்டரை (அந்த அரை, வேற கண்டத்து டீம்கூட ப்ளே-ஆஃப் ஆடி ஜெயிச்சாத்தான் கிடைக்கும்). ஆனா 2026க்கான ஆசிய தகுதிச் சுற்றோட மூணாவது ரவுண்டுல பத்து மேட்ச் ஆடி ஒண்ணே ஒண்ணுதான் தோத்தாங்க, அதுவும் கத்தார்கிட்ட 3-2. ஓசியில நுழையற டீம் இப்படியா ஆடும்?

நான் லேட்டுன்னு சொன்னது ஏன்னா இவங்க 1994லயே ஆசியாவ மிரட்டினவங்க. உலக ஃபுட்பால் அமைப்பான ஃபீஃபாவுல சேர்ந்த அதே வருஷம், ஹிரோஷிமா ஏஷியன் கேம்ஸ்ல செமிஃபைனல்ல தென்கொரியாவ 1-0, ஃபைனல்ல சீனாவ 4-2ன்னு அடிச்சு தங்கம். அந்த டீமோட கோச்சுகள்ல ஒருத்தரான ருஸ்தம் அக்ரமோவ் அடுத்த வருஷமே நம்ம இந்தியா டீமுக்கு கோச்சா வந்தாரு, பின்னாடி நம்ம கேப்டனான பாய்ச்சுங் பூட்டியாவ முதல்ல இந்தியாவுக்கு இறக்கினது அவர்தான். இது நம்மாளுங்க பல பேருக்கு தெரியாது.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் கைக்கெட்டி வாய்க்கெட்டாத கதை. எனக்கு மறக்கவே மறக்காதது 2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட், 2006 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற பஹ்ரைன்கூட ரெண்டு மேட்ச் ப்ளே-ஆஃப்ல முதல் மேட்ச். மிர்ஜலால் காசிமோவ் ஆரம்பத்துலயே ஒரு கோல் போட்டாச்சு, 39ஆவது நிமிஷம் பெனால்டி வேற, செர்வர் ஜெபரோவ் அடிச்சாரு, உள்ள போயிருச்சு. ஆனா அவர் அடிக்கறதுக்கு முன்னாடியே இன்னொரு உஸ்பெக் ஆளு பாக்ஸுக்குள்ள ஓடிட்டான். ரூல்படி மறுபடி அடிக்கச் சொல்லணும். ஜப்பான்லேர்ந்து வந்த ரெஃப்ரி என்ன பண்ணாரு, பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் குடுத்துட்டாரு! மேட்ச் 1-0ல முடிஞ்சுது.

ஜெயிச்சாச்சுல்ல, பேசாம அடுத்த மேட்சுக்கு கிளம்பியிருக்கலாம். இவங்க ஃபீஃபாவுக்குப் போயி, ரெஃப்ரி தப்பு பண்ணிட்டாரு, எங்களுக்கு 3-0ன்னு குடுங்கன்னு புகார் குடுத்தாங்க. ஃபீஃபா ஆமா தப்புதான்னு ஒத்துக்கிட்டு, மொத்த மேட்சையும் ரத்து பண்ணி திரும்ப ஆடச் சொல்லிருச்சு. கையில இருந்த 1-0வும் போச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான். அக்டோபர்ல திரும்ப ஆடினா தாஷ்கண்ட்ல 1-1, பஹ்ரைன்ல 0-0, மொத்தம் சமமானா வெளியூர்ல கோல் போட்ட டீமுக்குத்தான் ஜெயம்ங்கற கணக்குல பஹ்ரைன் மேல போயிருச்சு.

2014 உலகக்கோப்பை தகுதிச் சுற்றுல, 2013ல சியோல்ல தென்கொரியாகிட்ட 1-0 தோத்தது ஒரு சேம் சைடு கோல்ல. கடைசி மேட்ச்ல கத்தார 5-1ன்னு பிரிச்சு மேஞ்சும் கொரியாவும் இவங்களும் 14 பாயிண்ட், இவங்களுக்கு கோல் வித்தியாசத்துல ஒண்ணே ஒண்ணு கம்மி. அந்த சேம் சைடு விழலேன்னா நேரா பிரேசில்ல நடந்த உலகக்கோப்பைக்கே போயிருப்பாங்க. அப்புறம் ஜோர்டான்கூட ப்ளே-ஆஃப், ரெண்டு மேட்சும் 1-1, பெனால்டி ஷூட்-அவுட்ல 9-8ன்னு தோல்வி. 2018 உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றுலயும், 2017ல கடைசி நாள்ல தாஷ்கண்ட்ல கொரியாகூட 0-0, சிரியாவோட பாயிண்ட் சமம், கோல் வித்தியாசத்துல நாலாவது இடம், ப்ளே-ஆஃப் மூணாவது இடத்துக்குத்தான். எழுதும்போதே எரிச்சலா வருது.

2025 ஜூன் 5, அபுதாபியில யூஏஇகூட ஒரு 0-0 ஆடித்தான் கடைசியா உள்ள வந்தாங்க, மத்திய ஆசியாவுலேர்ந்து முதல் டீம். அன்னைக்கு கோச் தைமூர் கபாட்ஸே. 2002லேர்ந்து 2015 வரைக்கும் நாட்டுக்காக நூறு மேட்சுக்கு மேல ஆடி இந்த அடிகள்ல பலதையும் கூடவே வாங்கின மனுஷன். அவர் டீம உள்ள கூட்டிட்டு வந்தாச்சு, அக்டோபர்ல ஃபாபியோ கன்னவாரோவ ஹெட் கோச்சா போட்டுட்டாங்க. பெரிய பேரு, 2006ல இத்தாலிக்கு உலகக்கோப்பை ஜெயிச்ச கேப்டன், எல்லாம் சரி. எனக்கு மனசு ஒப்பல, க.