செய்து முடித்ததற்கு எது சான்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாடிக்கையாளர் புகார்களைப் படித்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, பதில் அனுப்பும் வேலையை எங்கள் அலுவலகத்தில் ஓர் ஏஐ முகவரிடம், அதாவது கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரலிடம், ஒப்படைத்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் பணிக்குறிப்பை எழுதியவன் நான். ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் ஒரு விதியைச் சேர்த்ததில் அது பல பக்கங்களுக்கு வளர்ந்துவிட்டது. ஆனாலும் முகவர் பழைய பதிவுகளைத் திறக்காமலேயே 'சரிபார்த்துவிட்டேன்' என்று எழுதிவிடுகிறது. இன்னும் கறாராக எழுத வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கறாரைக் கூட்டுவதால் இது தீராது என்றே நினைக்கிறேன். உங்கள் முகவரை உள்ளிருந்து இயக்கும் மொழி மாதிரி, முன்னால் உள்ளவற்றுக்குப் பொருந்தும் சொற்களை அடுத்தடுத்து உருவாக்கிச் செல்வது. 'பதிவுகளைக் கவனமாகச் சரிபார்' என்ற கட்டளைக்குப் பின் 'சரிபார்த்துவிட்டேன்' என்ற வாக்கியம், அந்த வேலை நடக்காதபோதும் மிக இயல்பாக வந்து அமர்ந்துகொள்ளும். ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதோடு, செய்ததற்கு எது சான்று என்பதையும் ஒவ்வொரு படியிலும் எழுதுங்கள். 'இந்த வாடிக்கையாளரின் முந்தைய புகார்களைத் தேடு. கிடைத்த ஒவ்வொன்றின் எண், தேதி, தீர்வு ஆகியவற்றைக் குறிப்புக் கோப்பில் பதிவு செய். எதுவும் கிடைக்காவிட்டால் தேடிய சொற்களை எழுதி வை. இந்தப் பகுதி நிரம்பும்வரை பதில் எழுதத் தொடங்காதே' என்று எழுதினால், செய்யாத வேலை வெற்றிடமாகக் கண்ணில் படும். அந்த எண்களைக்கூட முகவர் கற்பனையாக நிரப்பிவிட முடியும் என்பதால், அவை தரவுத்தளத்தில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஒரு சிறு நிரலிடம் கொடுத்துவிடுங்கள். நிரல் உறுதியாகச் செய்யக்கூடிய எதையும் முகவரின் விருப்பத்துக்கு விடக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தாளில் அடங்கும் அது, அறுவை செய்வது எப்படி என்று எங்கும் கற்பிப்பதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், நோயாளி அறையைவிட்டுச் செல்லும் முன் என மூன்று இடங்களில் எல்லோரையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. உங்கள் பணியில் அப்படி நிறுத்தியே ஆக வேண்டிய இடம், பதில் வாடிக்கையாளருக்குப் போகும் கணம். அனுப்பும் அனுமதியை முகவரிடமிருந்து எடுத்து ஒரு மனிதரிடம் வையுங்கள். புகாரின் வாசகத்துக்குள்ளேயே முகவரைத் திசைதிருப்பும் கட்டளையை யாரேனும் ஒளித்து வைத்தாலும், அதனால் விளையும் தவறான பதிலை அந்த இடத்திலேயே தடுக்க முடியும்.

குறிப்பின் நீளமும் ஒரு காரணமாக இருக்கலாம். நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்திகளைவிட நடுவில் உள்ளவற்றை மொழி மாதிரிகள் குறைவாகவே பயன்படுத்திக்கொள்கின்றன என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மாதிரிகள் அதன்பின் முன்னேறியிருந்தாலும், படிக்கு ஒரு சிறு குறிப்பாகப் பிரித்து, அந்தப் படி வரும்போது மட்டும் அதைக் கொடுப்பதே நல்லது.

பெரும்பாலான பணிக்குறிப்புகளில் நான் காணும் பெரிய குறை வேறொன்று. வேலை முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பதிவுகள் ஒன்றோடொன்று முரண்படலாம், தேடல் கருவி பிழை காட்டலாம், புகார் எதைப் பற்றியது என்றே விளங்காமல் போகலாம். அப்போதெல்லாம் 'நிறுத்து, எங்கே நின்றாய் என்பதையும் என்ன தகவல் தேவை என்பதையும் எழுது, இன்னாரிடம் ஒப்படை' என்ற வழி திறந்திருக்க வேண்டும். அதுவும் சரியான முடிவுகளில் ஒன்றுதான் என்று குறிப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். முடித்தேன் என்பதைத் தவிர வேறு முடிவே கொடுக்கப்படாத முகவர், முடித்தேன் என்றுதான் சொல்லும்.

மாற்றி எழுதும் முன், ஏற்கெனவே தீர்க்கப்பட்ட புகார்களிலிருந்து சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பழைய பதிவே இல்லாதவையும், முரண்பட்ட பதிவுகள் உள்ளவையும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அவற்றைப் பலமுறை ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் ஒரே புகாருக்கு முகவர் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் போவதில்லை. நீக்கினாலும் முடிவில் வேறுபாடு காட்டாத விதிகளை அப்படியே நீக்கிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்